மேனேஜருக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களும் வாசிக்கலாம்

மகளே,

காலையில் நீ போனில் அழுததை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருக்கிறது என்று சொன்னேன். அவள் உடனே சுக்கை இடித்துப் பொட்டலம் கட்டிவிட்டாள். அதனால் இந்தக் கடிதத்தோடு சுக்கும் வரும். குடித்துவிடு. நீ குடிக்காவிட்டால் அதற்கும் இங்கே நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "சென்னைக்குப் போறதுண்டானா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போன்னு செக்ரட்டரி சொல்லுதாரு. நான் என்ன செய்யட்டும் அப்பா?" என்றாய். அப்போது நான் கொட்டாரம் ஊரில் ஒரு கல்யாண வீட்டுப் பின்கட்டில் சமையலில் நின்றிருந்தேன். அடைப்பிரதமன் பாயாசம் கொதி வந்து, துடுப்பிலிருந்து கையை எடுத்தால் அடிபிடிக்கும் நேரம். "எழுதி அனுப்புதேன் மக்ளே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனில் பேசினாலும் சரிப்படாது. நான் பேச்சைக் கொட்டாரத்தில் தொடங்கினால் பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் குளச்சல் வந்து சேருவேன். நீ பாதியில் "அப்பா, விஷயத்துக்கு வாங்க" என்பாய். கடிதத்தில் உன்னால் அப்படிச் சொல்ல முடியாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிற கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், சொல்ல வந்ததில் கோணல் இருக்காது.

இன்னொன்று. இதை ஒளித்து வைத்து வாசிக்காதே. பள்ளி செக்ரட்டரி மேசையில் வை. பெற்றோர் கூட்டத்தில் சத்தமாக வாசித்தாலும் எனக்குச் சம்மதம். அதனால்தான் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து சொல்லப் போகிறேன். வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டுமே.

நீ குளச்சல் பக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் மேனேஜராக இருக்கிறாய். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் படிக்கிற இடம். நீ டீச்சர் இல்லை. வேனுக்கு டீசல் போடுவது, அரிசி வாங்குவது, சம்பளம் கொடுப்பது, அரசாங்க உதவிக்கு எழுதிப் போடுவது, சாப்பாடு போட வருகிறவர்களுக்கு நாள் ஒதுக்குவது, இதெல்லாம் உன் வேலை. பி.காம் முடித்துவிட்டு நீ அங்கே போய்ச் சேர்ந்தபோது உன் அத்தை பேசிய பேச்சு உனக்குத் தெரியாது. நம் சபையில் அசன விருந்து நடந்த அன்று, நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், அத்தனை பெண்களும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் கேட்டாள்: "ஏம் அண்ணே, பி.காம் படிச்சவளுக்கு நாரோயில்ல ஒரு நகைக்கடை கிட்டலியா? மந்தப் பிள்ளையளுக்க பள்ளிக்கூடத்துல கணக்கு எழுதவா இம்புட்டு படிக்க வச்சிய?" நான் சொன்னேன்: "நகைக்கடையில நகையத்தான் எண்ணணும். அங்க பிள்ளையள எண்ணுகா. உனக்குப் பூசணிக்காய நறுக்கத் தெரியல்ல, கத்திய அங்க வச்சிட்டுப் போ." அன்றிலிருந்து அவள் நம் வீட்டுக்கு வருவதில்லை. உன் அம்மாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

முதல் வருஷம் நீ வெறும் கணக்குத்தான் பார்த்தாய். அப்புறம் மதுரையில் ஒரு சின்னப் பயிற்சி வந்தது. டீச்சர் ஒருத்திக்கு வைத்திருந்த இடம், அவளுக்குப் பிரசவம், இடம் வீணாகக் கூடாது என்று உன்னை அனுப்பினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் உன் முதல் படிப்பு. யாரும் உனக்காக யோசித்து அனுப்பவில்லை. திரும்பி வந்த பிறகு நீ அலுவலக அறையில் உட்காரவில்லை. வகுப்புகளில் போய் உட்கார்ந்தாய், வேனில் ஏறிக் கடைசி வீடு வரைக்கும் போய் வந்தாய், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் போய்க் குந்தினாய். பள்ளி ஆயா என்னிடம் வந்து, "மேனேஜரம்மாவுக்கு என்ன பற்றிச்சு அண்ணே? பிள்ளையளுக்க வாயையே பாத்துட்டு இருக்காவ" என்றாள். எனக்கும் அப்போது விளங்கவில்லை. உன் பள்ளிக்கு வருகிற சாப்பாட்டில் பாதி நான் சமைத்ததுதான், ஆனால் வார்ப்புப் பாத்திரத்தை இறக்கி வைத்தால் என் வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

முதலில் நீ மாற்றியது தட்டை. பழைய மேனேஜர் வாங்கிப் போட்டிருந்த தட்டு எடையே இல்லாத மெல்லிய தட்டு. சோற்றில் விரலை வைத்தால் தட்டு முன்னால் ஓடும். டீச்சர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். "தட்டுன்னா தட்டு தானே" என்று பதில் வந்திருக்கிறது. நீ கனமான, ஓரம் உயர்ந்த தட்டாக வாங்கி, அடியில் நனைத்த துணியை மடித்துப் போட வைத்தாய். அன்று என்னிடம் சொன்னாய்: "அப்பா, டீச்சர் என்ன படிப்பிச்சாலும் நான் வாங்குற தட்டு ஓடிட்டுன்னா எல்லாம் போச்சு." இதை நான் மறக்கவில்லை. மேனேஜருக்கு எதற்குப் படிப்பு என்று கேட்கிறவர்கள் அந்தத் தட்டில் ஒரு நேரம் சாப்பிட்டுப் பார்க்கட்டும், இடது கையைக் கட்டிக்கொண்டு.

இப்போது அபிஷா கதைக்கு வருகிறேன். அபிஷாவின் அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொல்லாங்கொட்டை உடைக்கிறவள். விரலெல்லாம் அந்த எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். பிள்ளை வயசுக்கு வந்தவள், பேச்சு வராது. பசித்தால் சொல்லத் தெரியாமல் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்குச் சோற்றைப் பிசைந்து அள்ளி வாயில் வைக்கக் கற்றுக்கொடுக்க அவள் வகுப்பு டீச்சர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பின்னால் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து, பிசைந்து, உருட்டி, தூக்கி, வாய் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, மறுபடியும் முதலிலிருந்து. நீ என்னிடம், "அப்பா, சோறு விரல்ல ஒட்டுற மாதிரி அவளுக்கு மட்டும் தனியா எடுக்க முடியுமா?" என்று கேட்டாய். கல்யாண வீட்டில் சோறு குழைந்தால் என் மானம் போய்விடும், உனக்குத் தெரியும். அவளுக்காக ஒரு சின்னப் பானையில் வேண்டுமென்றே குழைய விட்டேன். ஒருநாள் டீச்சர் கையை விட்டும் அவள் கை நிற்கவில்லை. தானாக வாய்க்குப் போனது. நானும் பார்த்தேன். மீசையிலும் மூக்கிலும் ஆவி பட்டுக் கண்ணில் நீர் வந்தது என்று அப்போது சொன்னேன். ஆவி ஒன்றும் வரவில்லை.

அதைக் கெடுத்தது யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இதில் கஷ்டம். நம் ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தால், கல்யாண நாள் வந்தால், அப்பன் செத்த நாள் வந்தால், இப்படிப்பட்ட பள்ளிக்கு ஒரு நேரச் சாப்பாடு போடுவது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் அங்கிருந்தே நாள் சொல்லிவிடுவார்கள். நல்ல காரியம்தான், என் அடுப்பும் அதில் எரிந்தது. ஆனால் அவர்கள் வந்து சேரும் வரைக்கும் பிள்ளைகள் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கைகூப்பிப் பாட்டுப் பாட வேண்டும். அப்புறம் அந்த வீட்டு அம்மா தன் கையால் ஒரு பிள்ளைக்கு ஊட்ட வேண்டும், அதைப் போட்டோ எடுக்க வேண்டும். அபிஷா அழகான பிள்ளை, முகம் தெளிவு. எல்லோரும் அவளையே பிடித்தார்கள். வாரத்துக்கு எத்தனை அம்மாமார், எத்தனை உருண்டை. ஊட்டினால் சும்மா வாயைத் திறந்தால் போதும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கையைத் தட்டில் வைப்பதையே நிறுத்திவிட்டாள். டீச்சர் மணிக்கட்டைப் பிடித்தால் உதறினாள். அந்த டீச்சர் என் அடுப்படியில் வந்து, வெங்காயக் கூடையின் பக்கத்தில் நின்று அழுதாள். வெங்காயத்துக்காக அழுவதாக மற்றவர்கள் நினைக்கட்டும் என்று நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

டீச்சரால் இதை நிறுத்த முடியாது. யார் எந்த நாளில் வருவது, எத்தனை மணிக்கு வருவது, வந்தால் என்ன செய்யலாம் என்பதெல்லாம் மேனேஜர் கையில். நீ நிறுத்தினாய். பன்னிரண்டரைக்குப் பந்தி, யார் வந்தாலும் வராவிட்டாலும். பாட்டுக் கிடையாது. ஊட்டக் கூடாது. விருப்பமிருந்தால் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து அவர்களும் சாப்பிடலாம். நாள் கேட்டு வந்த எல்லோரிடமும் முன்கூட்டியே சொன்னாய். செக்ரட்டரி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நிஜமாகவே நீ அதைச் செய்வாய் என்று அவர் நினைக்கவில்லை.

அந்த நாள் வந்தது. துபாயில் கடை வைத்திருக்கிற ஒருவர், அப்பாவின் நினைவு நாளுக்குச் சாப்பாடு. அவியல், எரிசேரி, பருப்பு, பப்படம், சிறுபயறுப் பாயாசம், எல்லாம் என் கையால். விமானம் இறங்கித் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். பன்னிரண்டரை ஆகிவிட்டது. பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள், அபிஷா மணம் பிடித்துவிட்டாள். நான் கரண்டியை எடுத்தேன். செக்ரட்டரி ஓடி வந்தார்.

"நிறுத்தும் வே. விளம்பாண்டாம். ஆளு மார்த்தாண்டம் தாண்டியாச்சு."

"அப்பா, விளம்புங்க" என்றாய் நீ.

"அரை மணிக்கூறுல வந்துருவாரும்மா. அதுக்குள்ள பிள்ளையளு ஒண்ணும் செத்துப் போகாது."

"அபிஷா அடிச்சுக்கத் தொடங்கிட்டா சார். பாருங்க."

"இஞ்ச செக்ரட்டரி நானா, உனக்க அப்பாவா?"

நான் சொன்னேன்: "செக்ரட்டரி நீங்கதான். கரண்டி எனக்க கையில இருக்கு."

தட்டுகளில் சோறு விளம்பினேன். கல்யாண வீடுகளில் மந்திரி வரட்டும், மாமனார் வரட்டும் என்று பந்தியை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் நிறுத்தியவன்தான் நான். பாயாசத்தில் ஆடை கட்டும் வரைக்கும் நின்றிருக்கிறேன். அன்று நிற்கவில்லை. அவர் வந்தபோது பிள்ளைகள் வரிசையாகத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மனிதர் அப்பாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எங்க அப்பாவுக்கு நான் போட்ட சாப்பாடு. நான் வராம எப்பிடி விளம்பினிய?" என்றார். அவர் மனைவி பட்டுச்சேலையில், நல்ல பெண்தான், தட்டில் கொஞ்சம் பாயாசத்தை எடுத்துக்கொண்டு அபிஷாவிடம் போனாள். "ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். "அவ கை கழுவிட்டா அம்மா" என்றாய் நீ. "வாங்க, நாம எல்லாரும் சேந்து இருந்து சாப்பிடலாம். இலை போடச் சொல்லுதேன்" என்றும் சொன்னாய். அவர்கள் உட்காரவில்லை. கார் திரும்பிப் போனது. செக்ரட்டரி முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அவரை நான் திட்ட மாட்டேன். அந்த மனிதர் அந்தப் பள்ளியைக் கட்ட ஏறாத வீடு இல்லை. குளச்சலில் படகுக்காரர்களிடம், தக்கலையில் கடைக்காரர்களிடம், எங்கே போனாலும் கும்பிட்டுக்கொண்டே போய் வாங்கி வந்து கட்டியது. கும்பிட்டுக் கும்பிட்டுக் கையைப் பிரிக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். அவர் பயம் நியாயமான பயம். சாப்பாடு போடுகிறவன் கோபித்தால் மாசக் கடைசியில் அரிசி எங்கிருந்து வரும்? அந்த துபாய்க்காரர் சாப்பாடு போடுவதை நிறுத்தினார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் நிறுத்தினார்கள். என்னையும் நிறுத்தினார்கள், வேறு சமையல்காரர் வந்தார். அதற்காக நீ என்னிடம் வருத்தப்பட வேண்டாம். என் அடுப்பு அங்கே எரியாவிட்டால் வேறு இடத்தில் எரியும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உன் பேரில்தான் குற்றம் என்று பேச்சு வந்தது. "நன்மை செய்ய வந்தவங்கள அவமானப்படுத்தியாச்சு" என்று ஒருவர் எழுந்து சொன்னார். அப்போது அபிஷாவின் அம்மா பின்வரிசையில் எழுந்தாளாம். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நான் ஒண்ணு கேக்கேன் சார். நான் செத்தா இவளுக்கு யாரு ஊட்டுவா? அந்தப் பட்டுச்சேலை அம்மாவ விளிச்சா வருவாவளா? எனக்க பிள்ளைக்கு அவளுக்க கை வேணும் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். கூட்டம் அதோடு முடிந்தது. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை, ஆனால் பழைய முறைக்குத் திரும்பச் சொல்லவும் யாருக்கும் நாக்கு வரவில்லை. அபிஷா மறுபடியும் மெதுவாகத் தட்டில் கை வைக்கத் தொடங்கினாள்.

கூட்டம் நடந்த அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தாய். ஜெயித்துவிட்டாய் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். நீ துள்ளவில்லை. "நான் சொன்னது சரிதான் அப்பா. சொன்ன விதம் தெரியல்ல. அந்த ஆளு அப்பாவுக்க படத்தப் பிடிச்சுட்டு நின்னாரு. அவரையும் விடாம, பிள்ளையளயும் விடாம எப்பிடிச் செய்யணும்னு எனக்குப் படிக்கணும்" என்றாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் டீச்சர் ஒரு திட்டம் எழுதுகிறாள், அந்தத் திட்டத்துக்கு ஏற்றபடி பள்ளிக்கூடம் பொருள் வாங்குவது எப்படி, ஆள் வைப்பது எப்படி, அரசாங்கத்திடம் எதைக் கேட்டு வாங்கலாம், கொடுக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது, இதெல்லாம் சிறப்புப் பள்ளி மேனேஜர்களுக்கு என்றே சென்னையில் ஆறு மாதம் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சொன்னாய். உன் அம்மா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அப்பம் நீ இம்புட்டு நாளும் படிக்காமலா மேனேஜர் வேல பாத்த?" என்றாள். நீ சிரித்துவிட்டு, "ஆமா அம்மா" என்றாய். அந்த "ஆமா" எனக்குப் பெருமையாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை மேனேஜருக்கு வாய் வரும்?

விண்ணப்பித்தாய், இடமும் கிடைத்தது. இப்போது செக்ரட்டரி சொல்கிறார்: "டீச்சர்மாருக்குப் பயிற்சின்னா சரி, அவிய பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக் குடுக்காவ. கணக்குப் பாக்கிய பிள்ளைக்கு என்ன பயிற்சி? போறதுண்டானா ராஜினாமாவ வச்சிட்டுப் போ."

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள். நான் சைவச் சமையலில் பேர் எடுத்துவிட்ட காலம். சுசீந்திரத்திலிருந்து தோவாளை வரைக்கும் கல்யாணம் என்றால் என்னைக் கேட்டுத்தான் நாள் குறிப்பார்கள் என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல், ஆனால் ரொம்பக் கூடுதல் இல்லை. அப்போது எல்லோரும் பிரியாணி கேட்கத் தொடங்கினார்கள். சோற்றில் மசாலாவைக் கிண்டி நானும் ஒன்று வைத்தேன். சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நெஞ்செரிச்சலுக்கு மோரைத் தேடினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. குளச்சலில் ஒரு பாய், பிரியாணியில் கை தேர்ந்தவர், அவரிடம் போய் நின்றேன். அப்போது நீ கைக்குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அத்தனை வயசில் போய் அவர் அரிசியைக் கழுவிக் கொடுத்தேன், அவர் சொன்ன இடத்தில் நின்றேன். என்னோடு வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். "ஆசானே, கரண்டி பிடிக்கத் தெரியாதவன்லா படிக்கப் போவான்? உமக்கு எதுக்கு?" என்று ஒருவன் கேட்டான். பாய்கூட முதல்நாள் கேட்டார்: "நீரு பெரிய சமையல்காரராச்சே வே, இஞ்ச என்ன சோலி?" நான் சொன்னேன்: "பெரிய சமையல்காரன்னா எனக்க பிரியாணியத் தின்னவன் எதுக்கு மோரு கேட்டான் பாய்?" அவர் சிரித்துச் சிரித்து இருமினார். அப்புறம் எதையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். சிரித்த ஆட்களில் ஒருத்தரும் பிரியாணி கற்கவில்லை. அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

நீ காலையில் அழுதது வேலை போய்விடும் என்று இல்லை. எனக்குத் தெரியும். கடைசியில் சின்னக் குரலில் கேட்டாயே: "நான் அங்க போனா அபிஷாவுக்க காரியம் என்னாகும் அப்பா? ஆறு மாசத்துல திரும்பவும் எல்லாரும் ஊட்டத் தொடங்கிருவாவ." அதற்குத்தான் அழுதாய். அதனால் இன்றைக்குப் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றியதும் நான் முதலில் செய்தது அபிஷாவின் அம்மாவுக்குப் போன் போட்டது. அண்டி ஆபீஸ் விட்டு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். உன் விஷயத்தைச் சொன்னேன். பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினாள்: "பிள்ளைய போச் சொல்லுங்க அண்ணே! சாப்பாடு போடுற நாளுல்லாம் நாங்க அம்மைமாரு மாறி மாறி வந்து இருப்போம். ஊட்ட வாறவ முதல்ல எனக்கு ஊட்டட்டும், பாப்போம்!" பஸ்ஸில் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. வேலையை விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு அவளுக்குக் கூலி கிடையாது. 

பிறகு செக்ரட்டரிக்குப் போட்டேன். ஆமாம், நீ சொல்லாமலே போட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. "என்ன வே, உம்ம மகளுக்குப் பேச வந்தீரா?" என்றார். "அவளுக்குப் பேச அவளுக்கு வாய் உண்டு. எனக்காகத்தான் பேசுதேன்" என்றேன். "என்ன வேணும்?" என்றார். "அந்த துபாய்க்காரரு நம்பர் வேணும்" என்றேன்.  "எதுக்கு? இன்னும் அவமானப்படுத்தவா?" என்றார். "எனக்க மகளுக்கு அவருகிட்ட பேசத் தெரியல்லன்னு அவளே சொல்லுதா. படிச்சிட்டு வந்து பேசுவா. அதுவரைக்கும் அவரு வேற எங்கயும் போயிராம நான் பிடிச்சு வைக்கப் போறேன்" என்றேன். நம்பரைத் தரவில்லை. ஆனால் போனை உடனே வைக்கவும் இல்லை. "அவ இல்லாட்டி ஆறு மாசம் ஆபீச யாரு பாப்பா வே?" என்று கேட்டார். கேட்டாயா? அதுவரைக்கும் கணக்குப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன பயிற்சி என்று கேட்டவர், அவள் இல்லாமல் ஆபீஸ் ஓடாது என்று தன் வாயால் சொல்லிவிட்டார்.  அவர் சொன்னது அவர் காதிலேயே விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் மனம் மாறிவிட்டது என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். மாறவில்லை. நாளைக்கும் உன்னிடம் ராஜினாமா கேட்பார். வேலை போனாலும் போகலாம். போனால், இந்த ஜில்லாவில் வேறு சிறப்புப் பள்ளிகள் இல்லையா, அங்கேயெல்லாம் தட்டு ஓடாமலா இருக்கிறது? அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா. உன் கல்யாணத்தைப் பற்றி உன் அத்தை ஏதாவது ஆள் விட்டுச் சொன்னால், அந்தப் பேச்சை என்னிடம் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். சென்னையில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அங்கே சோறு நம் ஊர்ச் சோறு மாதிரி இருக்காது, குறை சொல்லாமல் தின்னு. வகுப்பில் விளங்காததைக் கையைத் தூக்கிக் கேள். பக்கத்தில் இருக்கிறவன் சிரித்தால், அவன் இன்னும் கற்கவில்லை என்று வைத்துக்கொள்.

கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். போ. ஆனால் ராஜினாமா எழுதாதே. நீ வேலையை விடவில்லை, வேலையைக் கற்கப் போகிறாய். விடாத வேலையை விட்டேன் என்று உன் கையால் எதற்கு எழுத வேண்டும்? விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறு. உன்னை வேலையை விட்டு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அவர்கள் எழுதட்டும். பள்ளிக்கூடத்துக் காகிதத்தில், செக்ரட்டரி கையெழுத்தும் சீலும் போட்டு, இன்ன காரணத்துக்காக இவளை நீக்கினோம் என்று எழுதட்டும். படிக்கப் போனாள், அதனால் நீக்கினோம் என்று ஒரு பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்கட்டும். அதை எழுத அவர் கை வருகிறதா என்று நானும் பார்க்கிறேன்.

உன் அப்பா